அடிமைச் சட்டம் முதல் ஆவண நூல் வரை: அமெரிக்கச் சிறுவர்கள் சிவில் உரிமை வரலாற்றைப் படித்த வரலாறு

அமெரிக்கப் பள்ளிகளில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் ஆகிய பெயர்கள் தெரியும். ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை கிங் நினைவாகத் தேசிய விடுமுறை. பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். இவற்றையொட்டி வகுப்பறை அலமாரிகளில் வாழ்க்கை வரலாறுகள், படப் புத்தகங்கள், புகைப்படத் தொகுப்புகள் வந்து நிரம்புகின்றன. இந்த ஏற்பாடு அரசு தானாக முன்வந்து செய்ததன்று. நடந்ததை நடந்தபடியே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்களும் நூலகர்களும் எழுத்தாளர்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டதன் பலன் அது. சிறுவர்களுக்கான அபுனைவு நூல்கள் சிவில் உரிமைப் போராட்டத்தைப் பின்னால் வந்து பதிவு செய்தவை என்று மட்டும் கருத இயலாது. பல நேரங்களில் அவை அந்தப் போராட்டத்தின் கருவியாகவே இருந்திருக்கின்றன.

படிப்புக்குத் தடை

அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களில் எழுத்தறிவே ஆபத்தாகக் கருதப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதைத் தென் கரோலினா 1740-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. 1829-க்கும் 1832-க்கும் இடையே ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா ஆகியவையும் இத்தகைய சட்டங்களை இயற்றின. அடிமை ஒழிப்புக்கு எதிரானவர்கள் அஞ்சியதில் காரணம் இருந்தது. பால்டிமோரில் அடிமைச் சிறுவனாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், தெருவில் கண்ட வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றார். பன்னிரண்டு வயதையொட்டி, கையிலிருந்த ஐம்பது சென்ட்டுக்கு ‘கொலம்பியன் ஆரேட்டர்’ என்ற பள்ளி வாசிப்பு நூலை வாங்கினார். சொற்பொழிவுகளும் உரையாடல்களும் அடங்கிய அந்த நூலில், எசமானிடம் ஓர் அடிமை வாதாடி விடுதலை பெறும் பகுதி ஒன்று உண்டு. உரிமை என்பதை வாதமாக எடுத்துவைக்கலாம் என்பதை அந்த நூலிலிருந்தே அறிந்ததாக டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல், விடுதலை பெற்றவர்கள் படிப்பதற்கென்றே லிடியா மரியா சைல்டு ‘விடுதலை பெற்றோர் நூல்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். ஹெய்ட்டிப் புரட்சித் தலைவர் தூசான் லூவெர்ச்சூர், வானியலாளர் பெஞ்சமின் பானக்கர், கவிஞர் பிலிஸ் வீட்லி, டக்ளஸ் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் இடம்பெற்றன. தம்மைப் போன்ற நிறமுடையவர்கள் சாதித்ததை அச்செழுத்தில் படிக்கும் வாய்ப்பு, அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த பலருக்கு அதில் கிடைத்தது. அடிமையாகப் பிறந்து, வட கரோலினாவின் ராலே நகரில் பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்த எட்வர்டு ஜான்சன் 1890-இல் ‘அமெரிக்காவில் நீக்ரோ இனத்தின் பள்ளி வரலாறு’ என்ற பாடநூலை எழுதினார். வெள்ளை ஆசிரியர்கள் எழுதிய வரலாற்றுப் பாடநூல்களில் கறுப்பின மக்களின் பங்கு விடுபட்டிருப்பதே தம்மை எழுத வைத்தது என்று அவர் முன்னுரையில் கூறினார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. தோற்றுப்போன தென் மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுடைய வாரிசுப் பெண்கள் நடத்திய சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு, பாடநூல்களை மதிப்பிட ஓர் அளவுகோல் கையேட்டை 1920-ஐ ஒட்டி வெளியிட்டார். அடிமைகளை வைத்திருந்தவர்களைக் கொடியவர்களாகக் காட்டும் நூல்களை ஏற்கக் கூடாது என்று அது பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. அத்தகைய நூல்கள் நூலகத்தில் இருந்தால், தெற்குக்கு அநீதி இழைப்பது என்று அட்டையில் குறித்துவைக்கவும் சொன்னது. தென் மாநிலப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படித்த வரலாற்றில் இந்தக் கையேட்டின் தடம் இருந்தது.

முதல் மாத இதழ்

1919-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் மீது கலவரக் கும்பல்கள் பாய்ந்தன. ‘தி கிரைசிஸ்’ இதழின் ஆசிரியர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் அந்தக் கொலைச் செய்திகளை மறைக்காமல் வெளியிட்டார். அந்த இதழின் வாசகியான பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் இனத்தைப் பற்றி அறிய விரும்புவதாகவும் வெள்ளையரை வெறுப்பதாகவும் அவருக்கு எழுதினாள். இரண்டு பக்கமும் சிக்கலாக இருப்பதை டு பாய்ஸ் உணர்ந்தார். உண்மையைச் சொல்லாமல் மறைத்தால் பிள்ளை ஏமாறும். கொடுமையை மட்டுமே சொன்னால் வெறுப்பு வளரும்.

இதற்கு விடையாக 1920 ஜனவரியில் ‘தி பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழ் தொடங்கியது. விலை 15 சென்ட். ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்கு உரியது. ஜெஸ்ஸி ஃபாசெட் இலக்கியப் பகுதியைக் கவனித்தார். அகஸ்டஸ் டில் நிர்வாகத்தைப் பார்த்தார். கதைகளும் பாடல்களும் இருந்தாலும், இதழின் முதுகெலும்பு வாழ்க்கை வரலாறுகளே. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹேரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், லூவெர்ச்சூர் ஆகியோரைப் பற்றிய கட்டுரைகள் வந்தன. ‘காகம் பறக்கும் வழி’ என்ற பத்தியில் டு பாய்ஸ் உலகச் செய்திகளைச் சிறுவருக்குப் புரியும் மொழியில் எழுதினார். அயர்லாந்து விடுதலைப் போராட்டம், இந்தியாவின் கொந்தளிப்பு, உள்நாட்டு வேலைநிறுத்தம் எல்லாம் அதில் இடம்பெற்றன. படிப்பில் சிறந்த பிள்ளைகளின் புகைப்படங்கள் மாதந்தோறும் வெளியாயின. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதியவை முதன்முதலில் பரவலான வாசகர்களை அடைந்ததும் இந்த இதழில்தான். சந்தாக்கள் போதாததால் 24 இதழ்களோடு 1921 டிசம்பரில் அது நின்றுபோனது. கறுப்பினச் சிறுவரை வாசகராக மதித்து, அவர்களிடம் நடப்பு உண்மையைப் பேசலாம் என்ற முன்மாதிரி மட்டும் நிலைத்தது.

வுட்சனின் வாரம்

இந்த முயற்சியை நாடு தழுவிய பள்ளி வழக்கமாக்கியவர் கார்ட்டர் ஜி. வுட்சன். 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளர்கள் மாலையில் கூடும் இடத்தில், அவர்களுக்குச் செய்தித்தாளும் வரலாற்று நூல்களும் உரக்கப் படித்துக்காட்டுவது அவர் வழக்கம். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முதியவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்ல, புத்தகத்தில் எழுதாத வரலாறு எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார்.

1915-இல் நீக்ரோ வாழ்வு, வரலாறு ஆய்வுச் சங்கத்தை நிறுவிய வுட்சன், 1926-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை நீக்ரோ வரலாற்று வாரமாக அறிவித்தார். பிப்ரவரி 12 ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள். 14 டக்ளஸ் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட நாள். இரண்டையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்ததால் அந்த வாரம் தேர்வானது. வெறும் விழாவாக முடிந்துவிடாமலிருக்க, பள்ளிகளுக்குப் பாடக் குறிப்புகளும் படங்களும் அனுப்பினார். சொந்தப் பதிப்பகம் வழியாகத் தொடக்கப் பள்ளிக்கென 1928-இல் ‘வரலாறு படைத்த நீக்ரோக்கள்’, உயர்நிலைப் பள்ளிக்கென 1935-இல் ‘நீக்ரோவின் கதை மறுபடியும்’ ஆகிய நூல்களைக் கொண்டுவந்தார். ஆசிரியர்களுக்காகவே 1937-இல் ‘நீக்ரோ வரலாற்றுச் செய்தி இதழ்’ தொடங்கியது. கல்வி என்ற பெயரில் கறுப்பினப் பிள்ளைக்குத் தன்மீதே இழிவெண்ணத்தைப் புகுத்துகிறார்கள் என்பது அவர் 1933-இல் வெளியிட்ட ‘நீக்ரோவின் தவறான கல்வி’ நூலின் மையக் கருத்து.

வுட்சனின் நூல்களைப் பாடம் நடத்துவது தென் மாநில ஆசிரியர்களுக்கு வேலைக்கே உலை வைக்கும் காரியம். லூயிசியானாவின் வெப்ஸ்டர் மாவட்டத்தில் 1930-களின் தொடக்கத்தில் வரலாறு கற்பித்த டெஸி மெக்கீ என்ற இளம் ஆசிரியையின் வகுப்பை அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மேசை மேல் கல்வித் துறை அனுப்பிய பாடக் குறிப்பு விரித்து வைக்கப்பட்டிருக்கும். வுட்சனின் நூல் அவர் மடியில் இருக்கும். தலையைத் தாழ்த்தி மடியிலிருந்து வரி வரியாக வாசிப்பார். தலைமையாசிரியர் உள்ளே நுழைந்தால் கண்ணை மேசைப் பக்கம் உயர்த்தி அதிகாரப்பூர்வப் பாடத்தைத் தொடருவார். அவர் போனதும் பார்வை மடிக்குத் திரும்பும். எது அரசுப் பாடம், எது ஆசிரியை ஆபத்தை ஏற்று நடத்தும் பாடம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருந்தது.

நூலகர்களும் பட்டியல்களும்

பள்ளிக்கு வெளியே இந்த வேலையை நூலகர்கள் செய்தார்கள். சிகாகோவின் ஹால் கிளை நூலகத்தில் சிறுவர் பிரிவை நடத்திய சார்லிமே ராலின்ஸ், கறுப்பினப் பிள்ளைகளை இழிவுபடுத்தாத நூல்களின் பட்டியலை 1941-இல் ‘சேர்ந்து கட்டுவோம்’ என்ற பெயரில் தொகுத்தார். படங்கள் கேலிச்சித்திரமாக இருக்கின்றனவா, பேச்சு மொழி செயற்கையாகத் திரிக்கப்பட்டிருக்கிறதா, தகவல் சரியா என்று நூல்களைச் சலித்தெடுக்கும் முறையை அந்தக் கையேடு கற்றுக்கொடுத்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் ஆகஸ்டா பேக்கர் இதே நோக்கத்தோடு ஒரு தனித் தொகுப்பை உருவாக்கினார். சிகாகோ ஆசிரியை மேடலின் மார்கன் எழுதிய கறுப்பின வரலாற்றுப் பாடப் பகுதிகளை அந்நகரின் பொதுப் பள்ளிகள் 1942-இல் ஏற்றன.

நூல்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஆர்னா போண்டாம்ப்ஸின் ‘நீக்ரோவின் கதை’ 1948-இல் வெளியாகி, நியூபெரி விருதுக் குழுவின் சிறப்புச் சான்றை அடுத்த ஆண்டு பெற்றது. ஆன் பெட்ரி 1955-இல் எழுதிய ஹேரியட் டப்மன் வரலாறு இன்றும் வகுப்பறைகளில் படிக்கப்படுகிறது. ஆனால் அது கம்யூனிச எதிர்ப்பு வேட்டை நடந்த காலம். ஹியூஸ் 1955-இல் சிறுவருக்காக எழுதிய புகழ்பெற்ற கறுப்பின இசைக் கலைஞர்களைப் பற்றிய நூலில், அந்தக் காலத்தின் பெரும் பாடகரான பால் ராப்சனுக்கு இடமில்லை. இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டவர் பெயர் இருந்தால் நூல் பள்ளிக்குள் போகாது. சிறுவர் நூலில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன விடுபட்டிருக்கிறது என்பதும் அரசியலே.

போராட்டக் களத்தில் வாசிப்பு

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் 1955 பிப்ரவரி முழுவதும் மாணவர்கள் தங்கள் இன வரலாற்றைப் படித்தார்கள். மார்ச் 2 அன்று அந்தப் பள்ளியின் பதினைந்து வயது மாணவி கிளாடெட் கால்வின், பேருந்தில் வெள்ளைப் பெண்ணுக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். ரோசா பார்க்ஸ் கைதானதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன் நடந்தது இது. ஒரு தோளில் ஹேரியட் டப்மனும் மறு தோளில் சோஜர்னர் ட்ரூத்தும் கைவைத்து அழுத்தியதுபோல் இருந்ததால் எழ முடியவில்லை என்று கால்வின் பிற்காலத்தில் விளக்கினார். வுட்சன் தொடங்கிய வழக்கம் ஒரு சிறுமியின் செயலாக மாறியதை இதைவிட நேராகக் காட்டும் சான்று அரிது.

பார்க்ஸ் கைதானதையடுத்துத் தொடங்கிய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்து 1956 டிசம்பரில் வென்றது. அடுத்த ஆண்டே அந்தப் போராட்டம் சித்திரக் கதையாக வந்தது. அமைதி இயக்கமான சமரச நட்புறவு அமைப்பு வெளியிட்ட ‘மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கோமரிக் கதையும்’ பதினாறு பக்கம், விலை 10 சென்ட். ஏறத்தாழ 2,50,000 பிரதிகள் அச்சாயின. பின்பகுதியில் காந்தியின் வழியை அறிமுகம் செய்து, அறப்போராட்டத்துக்கு ஆயத்தமாவதைப் படிப்படியாக விளக்கியது. நாக்பூரில் மூன்றாண்டு ஆசிரியராக இருந்து காந்தியின் முறைகளைப் பயின்று திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு நடத்திய பயிற்சிகளும் இதே காலத்தவை. அந்தச் சித்திரக் கதையைப் படித்து ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ்.

1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த சுதந்திரப் பள்ளிகள் இந்த வாசிப்பை மேலும் பரவலாக்கின. மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த சார்லி காப் முந்தைய டிசம்பரில் முன்வைத்த யோசனை அது. தேவாலயங்களிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் மரத்தடிகளிலும் நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுருளச்சுப் பிரதிகளாக எடுத்த பாடத் தாள்களில் கறுப்பின வரலாறு, அரசியல் சட்டம், மிசிசிப்பியின் அதிகாரக் கட்டமைப்பு எல்லாம் இருந்தன. படித்ததோடு நில்லாமல் மாணவர்கள் தாங்களே செய்தித்தாள் எழுதி வெளியிட்டார்கள். ஆகஸ்டில் மெரிடியன் நகரில் மாநாடு கூட்டித் தீர்மானங்களும் நிறைவேற்றினார்கள்.

அந்த மாதமே ஹாட்டீஸ்பர்க்கில் ஆசிரியை சாண்ட்ரா அடிக்கிஸுடன் சில மாணவர்கள் நகரப் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். அட்டை கொடுப்பதற்குப் பதில் நூலகத்தையே மூடிவிட்டார்கள். அங்கிருந்து உணவகத்துக்குப் போன இடத்தில் கறுப்பின மாணவர்களோடு வந்த வெள்ளை ஆசிரியைக்குப் பரிமாற மறுத்தார்கள். பிறகு அவரைக் காவல்துறை கைது செய்தது. இதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 1970-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

வெள்ளை உலகமும் ஒரு பாடநூல் வழக்கும்

1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் நான்சி லாரிக் ஒரு கணக்கை வெளியிட்டார். முந்தைய மூன்றாண்டுகளில் வெளியான 5,206 சிறுவர் நூல்களில் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349, அதாவது 6.7 விழுக்காடு. பள்ளி நூலகங்களுக்கு அதே ஆண்டில் கூட்டாட்சி அரசின் கல்விச் சட்டம் நிதி ஒதுக்கியதால், பதிப்பகங்களுக்குச் சந்தையும் தெரிந்தது. ஜூலியஸ் லெஸ்டர் 1968-இல் வெளியிட்ட ‘அடிமையாக இருப்பது’ நூல், அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே சொன்ன வாக்குமூலங்களைச் சிறுவர் முன் வைத்தது. கறுப்பின எழுத்தாளர்களுக்கென கொரெட்டா ஸ்காட் கிங் விருது நிறுவப்பட்டு, 1970-இல் முதல் விருது லில்லி பேட்டர்சன் எழுதிய கிங் வாழ்க்கை வரலாற்றுக்குக் கிடைத்தது.

பாடநூல்களில் மாற்றம் எளிதாக நடக்கவில்லை. மிசிசிப்பியில் ஒன்பதாம் வகுப்புக்கு மாநில வரலாறு கட்டாயப் பாடம். ஜேம்ஸ் லோவனும் சார்லஸ் சாலிஸும் தங்கள் குழுவினருடன் எழுதிய ‘மிசிசிப்பி: மோதலும் மாற்றமும்’ 1974-இல் வெளியானது. கும்பல் கொலை, வாக்குரிமை மறுப்பு, சிவில் உரிமை இயக்கம் ஆகியவற்றை அது ஒளிக்காமல் பேசியது. மாநிலப் பாடநூல் குழு அதைப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. நூலாசிரியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தில் குழு உறுப்பினர் ஒருவர், கும்பல் கொலைப் புகைப்படம் ஒன்றைச் சுட்டி, இதை வகுப்பில் காட்டினால் கட்டுப்பாடு போய்விடும் என்றார். அது நடந்த நிகழ்வுதானே என்று நீதிபதி கேட்டார். நடந்தது உண்மை, ஆனால் பழைய கதை, இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்ற பொருளில் பதில் வந்தது. வரலாற்றுப் பாடநூலில் இருக்க வேண்டியது பழைய நிகழ்வுதான் என்ற எளிய உண்மை நீதிபதிக்குத் தெரிந்திருந்தது. 1980-இல் தீர்ப்பு நூலாசிரியர்களுக்குச் சாதகமாக வந்தது.

களைத்துப்போன தையற்காரி

1983-இல் கிங் பிறந்தநாள் விடுமுறைச் சட்டம் நிறைவேறி, 1986 முதல் நடைமுறைக்கு வந்தபின், சிவில் உரிமை வரலாறு எல்லாப் பள்ளிகளுக்கும் போனது. கூடவே ஒரு புது நோயும் வந்தது. வரலாறு சில நல்லவர்களின் கதையாகச் சுருங்கியது. வேலை முடித்துக் களைத்துப்போன தையற்காரி ஒருத்தி கால் வலியால் எழ மறுத்தாள், ஊரே திரண்டது, கிங் பேசினார், அநீதி ஒழிந்தது. நூற்றுக்கணக்கான சிறுவர் நூல்களும் பாடப் பகுதிகளும் சொன்ன கதையின் சாரம் இதுதான். கல்வியாளர் ஹெர்பர்ட் கோல் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தனிக் கட்டுரையில் அக்குவேறு ஆணிவேறாக அலசினார்.

உண்மையில் 42 வயதான ரோசா பார்க்ஸ், வண்ணமக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளைச் செயலாளராக 1943-லேயே பொறுப்பேற்றவர். 1955 கோடையில் டென்னஸியின் ஹைலாண்டர் பள்ளியில் இன ஒருங்கிணைப்புப் பயிலரங்கில் பங்கேற்றவர். அவர் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி அச்சுப்பொறியில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைச் சுருளச்சுப் பிரதி எடுத்துப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். உடலில் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்தே களைத்திருந்தேன் என்ற கருத்தில் 1992-இல் வந்த ‘ரோசா பார்க்ஸ்: என் கதை’ நூலில் அவரே எழுதினார். ஜிம் ஹாஸ்கின்ஸ் துணையோடு, சிறுவர் படிப்பதற்காகவே எழுதப்பட்ட தன்வரலாறு அது.

கட்டுக்கதையை ஆவணம் எப்படித் திருத்தும் என்பதற்குத் தேசிய ஆவணக் காப்பகம் பள்ளிகளுக்கு வழங்கும் ஒரு பேருந்து வரைபடம் நல்ல எடுத்துக்காட்டு. மாண்ட்கோமரி பேருந்து வழக்கில் நீதிமன்றத்தில் தாக்கலான சான்று அது. கட்டம் கட்டமாக வரைந்த இருக்கைகளில் பார்க்ஸ் இருந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. முன்பகுதியின் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டவை. பார்க்ஸ் அவற்றில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருக்கிறார். வெள்ளையர் இருக்கையில் அவர் போய் அமர்ந்தார் என்று நினைத்திருந்த மாணவர் வரைபடத்தில் விரல் வைத்து எண்ணினால் அந்த நினைப்பு உடைந்துவிடும். ஒரு வெள்ளைப் பயணிக்கு இடம் விட நான்கு கறுப்பினத்தவர் எழ வேண்டியிருந்தது ஏன், மற்ற மூவர் எழுந்தது ஏன் என்ற கேள்விகள் தானாகப் பிறக்கும். காவல்துறை அறிக்கையையும் கைரேகைத் தாளையும் பார்க்ஸின் தன்வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஒரே நிகழ்வைக் காவலர் எழுதும் விதமும் கைதானவர் சொல்லும் விதமும் வேறு வேறு என்பதையும் பிள்ளை அறிகிறது.

சிறுவர்களே சாட்சிகள்

1990-களிலிருந்து வந்த சிறந்த நூல்கள் இந்த ஆவண வழியைப் பின்பற்றின. எல்லன் லெவைன் 1993-இல் வெளியிட்ட ‘சுதந்திரத்தின் பிள்ளைகள்’, போராட்டத்தில் பங்கேற்றபோது சிறுவர்களாக இருந்த முப்பது பேரின் சொந்த வாய்மொழியைத் தொகுத்தது. 1960-இல் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளையர் பள்ளியில் கூட்டாட்சிக் காவலர் துணையோடு முதல் வகுப்பில் சேர்ந்த ரூபி பிரிட்ஜஸ், 1999-இல் ‘என் கண்களால்’ நூலில் தம் நினைவுகளை அக்காலப் பத்திரிகைப் புகைப்படங்களோடு சேர்த்து எழுதினார். ரஸ்ஸல் ஃப்ரீட்மனின் ‘சுதந்திர நடையர்’ 2006-இல் வந்தது. மறக்கப்பட்டிருந்த கால்வினைத் தேடிப் பேட்டி கண்டு ஃபிலிப் ஹூஸ் எழுதிய வரலாறு, 2009-இல் இளையோர் பிரிவில் தேசியப் புத்தக விருது பெற்றது.

1963 மே மாதம் பர்மிங்ஹாமில் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஊர்வலமாகப் புறப்பட்டுச் சிறைக்குப் போனதை சிந்தியா லெவின்சனின் ‘நமக்கொரு வேலை இருக்கிறது’ (2012) நான்கு பேரின் வாழ்க்கை வழியே சொல்கிறது. அவர்களில் ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு அப்போது ஒன்பது வயது. தீயணைப்புக் குழாய்களும் காவல் நாய்களும் அவர்கள்மீது ஏவப்பட்ட படங்கள் உலகை உலுக்கின. கிங்கை மட்டும் படித்த பிள்ளைக்கு வரலாறு பெரியவர்களின் மேடைப் பேச்சு. ஆட்ரியைப் படித்த பிள்ளைக்கு அது தன் வயதுக்காரியின் முடிவு.

ஜான் லூயிஸ் தம் வாழ்க்கையை ஆண்ட்ரூ ஐடின், ஓவியர் நேட் பவல் ஆகியோருடன் ‘மார்ச்’ என்ற மூன்று பகுதிச் சித்திர நூலாக 2013 முதல் 2016 வரை வெளியிட்டார். மூன்றாம் பகுதிக்குத் தேசியப் புத்தக விருது கிடைத்தது. 1956-இல், பதினாறு வயதில், சொந்த ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டபோது அது வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதை அந்த விருது மேடையில் அவர் நினைவுபடுத்தினார்.

பாடத்திட்டங்களும் இந்தப் பக்கம் சாய்ந்தன. 2010-இல் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்ற பொது அடிப்படைக் கல்வித் தரங்கள், நான்காம் வகுப்பில் வாசிப்பின் பாதியும் பன்னிரண்டாம் வகுப்பில் 70 விழுக்காடும் தகவல் சார்ந்த நூல்களாக இருக்க வேண்டும் என்றன. மாதிரி நூல்களின் பட்டியலில் ஃப்ரீட்மனும் ஆன் பெட்ரியும் இருந்தார்கள். ஆனாலும் தெற்கு வறுமைச் சட்ட மையம் 2011-இல் மாநிலங்களின் பாடத்திட்டங்களை ஆராய்ந்தபோது, சிவில் உரிமை இயக்கத்தைக் கற்பிப்பதில் 35 மாநிலங்கள் தோல்வி மதிப்பெண்ணே பெற்றன.

இன்றைய சர்ச்சை

2021-இல் டென்னஸியின் வில்லியம்சன் மாவட்டத்தில், இரண்டாம் வகுப்பு வாசிப்புத் திட்டத்திலிருந்த நூல்கள் மீது பெற்றோர் குழு ஒன்று புகார் கொடுத்தது. ரூபி பிரிட்ஜஸின் உண்மைக் கதையும், கிங்கின் வாஷிங்டன் பேரணி பற்றிய நூலும் அவற்றில் அடக்கம். தீயணைப்புக் குழாய் நீரால் பிள்ளைகள் தாக்கப்படும் புகைப்படமும், சிறுமியைச் சூழ்ந்து கூச்சலிட்ட வெள்ளையர் கூட்டம் பற்றிய விவரிப்பும் ஆட்சேபிக்கப்பட்டன. புகார் குறிப்பிட்ட கல்வியாண்டு தன் அதிகார வரம்புக்குள் வராது என்று மாநிலக் கல்வித் துறை அதை விசாரணைக்கு எடுக்கவில்லை. பல மாநிலங்களில் இனம் பற்றிய பாடங்களுக்கு வரம்பு கட்டும் சட்டங்கள் வந்ததால், இத்தகைய புகார்கள் தொடர்ந்தன.

மிசிசிப்பி நீதிமன்றத்தில் கேட்ட ஆட்சேபமும் டென்னஸியில் எழுந்த ஆட்சேபமும் நாற்பதாண்டு இடைவெளியில் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் நூல் பொய் சொல்கிறது என்று யாரும் வாதாடவில்லை. புகைப்படம் உண்மையானது, நிகழ்வு நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கலாமா என்பதே வழக்கு. இதை எத்தனை வயதில், எந்த அளவில், யார் துணையோடு என்று ஆசிரியர்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தீயணைப்புக் குழாயின் எதிரே நின்றவர்களும் சிறைக்குப் போனவர்களும் பிள்ளைகளாகவே இருந்தார்கள். அவர்கள் அனுபவித்ததை, அவர்கள் வயதில் இருப்பவர்கள் படிக்கக் கூடாது என்று சொல்வதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.